குயில் மேடும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஊர் மனிதனுக்குப் பெயர் தருவதும், மனிதன் ஊருக்குப் பெயர் தருவதும் மொழி தோன்றிய நாள்தொட்டு நடந்துவரும் கொடுக்கல் வாங்கலாகும். ரா. பி. சேதுப்பிள்ளை 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் தம் நூலில் ஊர்ப் பெயர்களின் பிறப்பை அழகுற ஆராய்ந்தார். அந்நூலின் துணையோடு தேனிப் பக்கம் ஒரு சுற்று வந்தால், அவர் காட்டும் உண்மைகள் கண்முன்னே நிற்கும். போடிநாயக்கனூர் ஒரு பாளையக்காரரின் பெயரை இன்றும் சுமக்கிறது. வீரபாண்டி என்ற பெயரில் பாண்டிய மன்னன் ஒருவனின் நினைவு இருக்கிறது. அவ்வூரில் பிறந்த பிள்ளைகள் பலர் வீரபாண்டி என்றே அழைக்கப்படுகின்றனர். அரசன் பெயர் ஊருக்குப் போய், ஊர்ப் பெயர் உழவன் வீட்டுக்கு வந்திருக்கிறது. சுருளித் தீர்த்தத்தின் பெயரும் இவ்வாறே பல வீடுகளில் ஆள்பெயராயிற்று. பெரியகுளத்தில் பிறந்த நடிகர் சுருளிராஜன் அப்பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றார்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. ஒரு சமூகம் எவருக்கு நன்றி சொல்கிறது, எவரை மறந்துவிடுகிறது என்பதற்குப் பெயர்கள் சாட்சி சொல்கின்றன. அந்தச் சாட்சியத்தை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வாசித்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே பெயர், வேறு ஊர்

முதலில் ஊர்களைக் காண்போம். கம்பம் என்றால் நமக்கு ஒரே ஊர்தான். ஆயினும் ஆந்திர மாநிலத்திலும் ஒரு கம்பம் உண்டு. அங்கே குண்டலகம்மா ஆற்றை இரு குன்றுகளுக்கிடையே மறித்து, விசயநகரக் காலத்தில் பேரேரி ஒன்றை அமைத்தார்கள். அரசகுலப் பெண்ணான வரதராஜம்மா அதனைக் கட்டுவித்தார் என்பது அவ்வூர் வழக்கு. நம் கம்பமோ மலைக்கு அப்பாலிருந்து வரும் பெரியாற்று நீரால் வாழ்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கம்பங்கள், மலைகளுக்கிடையே எவரோ கட்டிய அணையின் தயவில் வயல் நனைக்கின்றன. பெயரொற்றுமை தற்செயலாக இருக்கலாம். வாழ்வொற்றுமை நம்மைச் சற்று நின்று நோக்க வைக்கிறது.

கூடலூர் மற்றொன்று. ஆறுகள் கூடும் இடமெல்லாம் கூடலூர் ஆகலாம். நீலகிரியில் ஒன்று, தேனியில் ஒன்று. வங்கக் கடலோரத்துக் கடலூரும் முன்னாளில் கூடலூராக இருந்ததே. எனவேதான் நம்மவர் வெளியூரில் தம் ஊரைச் சொல்லும்போது 'தேனிக் கூடலூர்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்கின்றனர். நற்செய்தி வாசிப்போருக்கு இது புதிதன்று. கடலோரச் செசரியா வேறு, பிலிப்புச் செசரியா வேறு. சிரியாவின் அந்தியோக்கியா வேறு, பிசிதியாவின் அந்தியோக்கியா வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் பவுலடியாரின் பயணங்களை வரைபடத்தில் குறிக்க முனைபவர் திக்குத் தெரியாமல் நிற்பார்.

பெரியாறு என்ற பெயருக்கு நேர்ந்ததோ வேறு வகை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆற்றின் பெயரும் ஈ. வெ. ராமசாமியாரின் பட்டப்பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. அயல்நாட்டவர் ஒருவர், அந்தத் தலைவரின் பெயரால்தான் அணை அமைந்ததென்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல இயலாது. அவருக்கு அப்பட்டம் 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில் அளிக்கப்பட்டது. ஆறோ அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் எழுதினால் ஐயமே எழாது. 'ஆறு' என முடிவது நதி, 'ஆர்' என முடிவது மரியாதை. தாய்மொழியின் ஓரெழுத்து வேறுபாட்டில் எத்தனை வரலாறு காப்பாற்றப்படுகிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு பெயரின் நெடும்பயணம்

எனினும் ஊர் ஆளாகி, ஆள் மீண்டும் ஊராகி, ஊர் மீண்டும் பிள்ளைகளாகிய முழுச் சுற்றையும் ஒரே பெயர் கடந்த கதை ஒன்று நம் பள்ளத்தாக்கில் உண்டு. அது பென்னிகுயிக் என்ற பெயரின் கதை.

ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகருக்குத் தெற்கே, அப்பெயருடைய சிற்றூர் ஒன்று இருக்கிறது. காகித ஆலைகளால் பெயர்பெற்ற ஊர் அது. பழம்பெரும் பிரித்தானிய மொழியில் 'குயில் மேடு' என்ற பொருள் தரும் சொற்றொடரே அவ்வூர்ப் பெயராயிற்று என்பர். அவ்வூரைக் கொண்டே ஒரு குடும்பம் தன் பெயரைப் பெற்றது. அப்பெயரினர் பெருகிப் பல திசை சென்றனர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அலெக்சாண்டர் பென்னிகுயிக் என்ற ஒரே பெயரில் இரு கவிஞர்கள் அங்கே வாழ்ந்ததும், ஒருவர் எழுதியதைப் பிற்காலத்தார் மற்றவர் கணக்கில் சேர்த்துக் குழம்பியதும் இலக்கிய வரலாற்றின் ஒரு சுவையான பக்கம்.

அப்பெயர் தாங்கிய ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புணேயில் பிறந்தார். 1849இல் சிலியான்வாலாப் போரில் அவர் தம் தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தார். இராணுவப் பொறியாளராகி 1860இல் இந்தியா திரும்பினார். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் திட்டத்தை நிறைவேற்றினார். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் பணி தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவிட்டார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமுடையது. 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் அவர் காலமானார்.

குயில் மேட்டுப் பெயர் நம் மண்ணில் குஞ்சு பொரித்தது அதன் பின்னரே. பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கின் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்றே பெயர். லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசின் முயற்சியால் அவருக்குச் சிலையும் எழுந்தது.

இங்கே மொழி செய்த ஒரு சிறு வேலையைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் அவ்வூரார் தம் ஊர்ப் பெயரைப் 'பென்னிகுக்' என்றே ஒலிக்கின்றனர். எழுத்தைக் கண்ணால் கண்டு படித்த நம் முன்னோர் பென்னிகுயிக் என்றும் பென்னிகுவிக் என்றும் ஆக்கிக்கொண்டனர். இதைப் பிழை என்று திருத்தப் புறப்படுவோர் சிலர் உண்டு. அது வேண்டாத வேலை என்பது என் கருத்து. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடுகிறது. பொரிந்த குஞ்சுக்கு இரையூட்டி வளர்ப்பது காக்கை. பென்னிகுயிக் என்ற ஒலி இன்று கம்பம் பள்ளத்தாக்குக்கே உரியது.

சேவியரும் பாத்திமாவும்

பரங்கியரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைக்கு இடுவது அடிமைப் புத்தி என்று கடிந்துகொள்வோர் இல்லாமலில்லை. அவர்களுக்குக் கத்தோலிக்கரின் பெயர்ப் பட்டியலே மறுமொழி சொல்லும்.

சேவியர் என்பது மனிதனின் பெயராகத் தொடங்கவில்லை. ஸ்பெயின் நாட்டு நவாரில் உள்ள ஒரு கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் அதன் மூலப்பொருள் 'புது வீடு' என்பதே. அக்கோட்டையில் பிறந்த பிரான்சிசு, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே நற்செய்தி அறிவித்தார். 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்று தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் சேவியர்களும் சவேரியார்களும் ஒரு பாஸ்க் வீட்டின் பெயரை, அறியாமலே, தம்மோடு கொண்டு திரிகின்றனர். லூர்துசாமிக்கு லூர்து என்னும் பிரெஞ்சு மலையூர் பெயர் தந்தது. அசிசி இத்தாலியின் ஊர்.

பாத்திமா என்ற பெயரின் பயணம் இவை அனைத்தினும் வியப்புக்குரியது. அது நபிகள் நாயகத்தின் மகளது பெயர். போர்த்துக்கல்லின் சிற்றூர் ஒன்று, மூர் இனத்து இளவரசி ஒருத்தியால் அப்பெயர் பெற்றதென்பது மரபுவழிக் கதை. 1917இல் அங்கே மூன்று சிறாருக்கு அன்னை மரியா காட்சி தந்ததால் உலகக் கத்தோலிக்கர் நாவெல்லாம் அப்பெயரே ஒலித்தது. இன்று கம்பம் நகரில் ஒரே தெருவில் இசுலாமியச் சிறுமியும் கிறித்தவச் சிறுமியும் பாத்திமா என்ற பெயரோடு பள்ளிக்குச் செல்லக்கூடும். இருவரும் ஒரே பெயரை இரு வழிகளில் பெற்றவர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழும் இராயப்பன்பட்டியின் பெயரைக் கேட்கும்போது, பெயர்க் காரணம் எதுவாயினும், இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த பேதுருவின் நினைவு நமக்கு எழுவது இயல்பு. அந்தத் திருத்தூதருக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் சீமோன்தான். 'பாறை' என்ற பெயரை ஆண்டவர் தந்தார். ஒரு பெயரோடு ஒரு பொறுப்பும் வந்தது. எனவே அயல்மொழிப் பெயர் என்பதற்காக மட்டும் ஒரு பெயரை இகழ்வது கிறித்தவ மரபுக்கும் தமிழ் மரபுக்கும் ஒவ்வாது. பெயருக்குள் இருப்பது எது என்பதே கேள்வி.

ஆணையும் அன்பும்

பெயரிடுதலில் இருவகை உண்டு. ஆணையால் இடுவது ஒன்று, அன்பால் இடுவது மற்றொன்று. ஏரோதின் மகன் பிலிப்பு, சீசரை மகிழ்விக்கப் பனெயா என்ற ஊருக்குச் செசரியா என்று பெயரிட்டான். சீசர்கள் மறைந்தனர். ஊரோ தன் பழைய பெயரைத் தேடி எடுத்துக்கொண்டது. இன்றும் அவ்விடம் பானியாசு என்றே வழங்குகிறது.

தமிழ்நாடும் இப்பாடத்தைக் கற்றிருக்கிறது. மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டப்பட்ட காலம் ஒன்றிருந்தது. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டபோது தென் மாவட்டங்களில் எழுந்த எதிர்ப்பும் வன்முறையும் நாட்டையே தலைகுனிய வைத்தன. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறுவது இழிவென்று கருதியோர் இருந்தனர் என்பதே அதன் உட்பொருள். 1997இல் அத்தனை பெயர்களையும் அரசு நீக்கிவிட்டது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து பிறந்த தேனி மாவட்டம், இன்று தன் ஊர்ப் பெயரோடு மட்டுமே விளங்குகிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால் பென்னிகுயிக் என்ற பெயரின் பெருமை விளங்கும். பேருந்து நிலையத்துக்கு இட்ட பெயர் ஆணையின் பெயர். இன்னொரு ஆணை அதை மாற்ற முடியும். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு ஒரு விவசாயக் குடும்பம் இட்ட பெயரை எந்த அரசாணையும் மாற்ற முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவு தாத்தா பாட்டிகளின் வாயில் உயிரோடிருந்த நாட்களில், ஆண்டுக்கு இருபோகம் விளையத் தொடங்கிய வயல்தான் அப்பெயரை இட்டது.

புகழுரையின் குறைபாடு

இத்தனை உயர்ந்த பெயரிடுதலைப் பற்றி எழுந்துள்ள பாடல்களும் மேடைப் பேச்சுகளும் மலர்க் கட்டுரைகளும் அதே உயரத்தில் நிற்கின்றனவா? நிற்கவில்லை என்றே வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது.

முதற்குறை உண்மையைப் பற்றியது. வெள்ளத்தில் கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டதும் அரசு கைவிட்டது, பென்னிகுயிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தார் என்ற கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது உண்மை. ஆனால் ஆவணங்கள் காட்டுவது, சென்னை மாகாண அரசு தன் பணத்தில் நிறைவேற்றிய ஒரு பொதுப்பணித் திட்டத்தையே. அவருடைய துணை நின்ற பொறியாளர் மெக்கன்சி இத்திட்டத்தின் வரலாற்றை 1899இல் நூலாக வெளியிட்டார். காய்ச்சலும் காடும் வெள்ளமும் எதிர்த்து நின்ற இடத்தில், ஆண்டுக்கணக்கில் தளராமல் நின்று ஒரு வேலையை முடித்த பொறியாளருக்கு, விற்ற நகையின் மெருகு தேவையில்லை. புனிதர்களின் வரலாறு எழுதிய பழைய ஆசிரியர்களும் இதே சோதனையில் விழுந்தனர். அற்புதங்களைக் கூட்டக் கூட்ட மனிதர் மறைந்தார். திருச்சபை வரலாற்றாய்வாளர்களைக் கொண்டு அவ்வரலாறுகளைச் சலித்தெடுத்தது. அதனால் எந்தப் புனிதரின் மாண்பும் குறைந்துவிடவில்லை.

இரண்டாவது குறை மறதியைப் பற்றியது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு முதலில் உதித்ததன்று. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பபிள்ளை 1789இலேயே ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். செலவு மிகுதியால் அது கைவிடப்பட்டது. 1808இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்ற இராணுவப் பொறியாளர் இது நடவாத காரியம் என்றார். நடவாதது என்று சொன்னவருக்கும் நடத்தி முடித்தவருக்கும் முன்னால், அதைக் கனவு கண்ட ஒரு தமிழ் அமைச்சர் இருந்தார். அவர் பெயரைப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் அறிவர்?

மறதி அங்கேயும் நின்றுவிடவில்லை. அணையைச் சென்னைப் பயனியர் படையின் வீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வழித் தச்சர்களும், சமவெளிக் கிராமங்களிலிருந்து மலையேறிய கூலிகளும் கட்டினர். நோயால் இறந்து அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டோர் 483 பேர் என்று கூறப்படுகிறது. அந்த 483 பேருக்கும் தாய் தந்தையர் பெயரிட்டிருப்பர். தச்சர்களின் பெயர்கள் நம் பங்குத் திருமுழுக்குப் பதிவேடுகளில் காணும் பெயர்களைப் போலவே இருந்திருக்கலாம். நம் பாடல்களில் அவர்கள் ஓர் எண்ணாகக்கூட வருவதில்லை. அணை எழுந்த காலத்தை அ. வெண்ணிலா ஆனந்த விகடனில் 'நீரதிகாரம்' என்ற நாவலாகத் தொடர்ந்து எழுதியதை வரவேற்கத்தக்க தொடக்கமாகக் கருதுகிறேன். ஒரு தலைவனைப் பாடுவதோடு மேடை நிறைவடைந்துவிடும். நாவலுக்கோ பல மனிதர்கள் தேவைப்படுகின்றனர்.

பெயர் மூலவூர் சொல்லும் பாடம்

இங்கேதான் ஸ்காட்லாந்தின் அந்தக் குயில் மேடு மீண்டும் நம்மிடம் பேசுகிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் அவ்வூரின் காகித ஆலை பிரெஞ்சுப் போர்க்கைதிகளின் சிறையாக மாற்றப்பட்டது. 1811 முதல் 1814 வரை அங்கே 309 கைதிகள் இறந்தனர். போர் முடிந்தபின் ஆலை பழைய உரிமையாளரான கோவன் குடும்பத்தின் கைக்குத் திரும்பியது. அக்குடும்பத்து அலெக்சாண்டர் கோவன் 1830இல் இறந்தோருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். பகை நாட்டினர், பெயர் தெரியாதவர், தம் ஊருக்கு ஒரு நன்மையும் செய்யாதவர் ஆகிய அந்த மனிதர்களுக்காக எழுந்த கல்லில், மனிதர் யாவரும் உடன்பிறந்தோர் என்ற பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டது.

பென்னிகுயிக் என்ற பெயரை இவ்வளவு உரிமையோடு ஏற்றுக்கொண்ட நாம், அப்பெயரின் மூலவூர் செய்த இந்தச் செயலையும் ஏற்றுக்கொள்ளலாகாதா? அங்கே 309 பேர் பகைவர். இங்கே 483 பேர் நம்மவர். நம் வயலில் பாயும் நீருக்காக இறந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. 2011 டிசம்பரில் கம்பம்–குமுளி சாலை பதற்றத்தில் மூழ்கியது. மலைக்கு இருபுறமும் எளிய மனிதர்களே அடிபட்டனர், இழந்தனர். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்ற உரிமையை உறுதிசெய்தது. உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டியது சரியே. ஆனால் அந்நாட்களில் பென்னிகுயிக் என்ற பெயர் சில வாய்களில் நன்றியின் சொல்லாக இல்லாமல் போர்முழக்கமாக ஒலித்தது. அணைக்குக் கீழே, பெரியாற்றின் கரையில் வாழும் மலையாளத் தாய்க்கும் தன் பிள்ளையைப் பற்றிய அச்சம் உண்டு. அந்த அச்சம் பொறியியல் முறைப்படி சரியா, தவறா என்பதை வல்லுநர் சொல்லட்டும். அச்சத்தை ஏளனம் செய்ய ஒரு பெயரைப் பயன்படுத்துவது, அப்பெயரை இட்ட நன்றியுள்ள நெஞ்சத்துக்கு இழைக்கும் துரோகம்.

நம் பள்ளத்தாக்கின் கவிஞர்களுக்கும் மலர்க் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்று தோன்றுகிறது. அடுத்த ஜனவரி 15 அன்று பொங்கல் பானை பொங்கும்போது, பென்னிகுயிக்கைப் பாடுங்கள். அவரோடு முத்திருளப்பபிள்ளையையும் ஓரடியில் நினையுங்கள். மலையேறித் திரும்பாத கூலியாட்களில் எவரேனும் ஒருவர் பெயரை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருந்தால், அதைக் கேட்டு எழுதிவையுங்கள். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். அப்பெயரை ஒரு பேரக்குழந்தைக்கு இடுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.